தையல் மெஷின் ஃபுட்: எந்த வேலைக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்துவிடும். உள்ளங்கையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, கீழே ஒரு கேள்வி: "அக்கா, இது எதுக்கு?" சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பிளவுஸ் வெட்டத் தெரிந்தவர்கள்கூட, மெஷினோடு வந்த ஃபுட்டுகளில், அதாவது ஊசி இருக்கும் இடத்தில் மாற்றி மாற்றி மாட்டும் இந்தத் துண்டுகளில், ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தொட்டதே இல்லை என்பார்கள். பல வருடமாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஃபுட் என்ன வேலை செய்கிறது?

ஊசிக்குக் கீழே, தகட்டின் பள்ளத்தில், ரம்பம்போல இரண்டு மூன்று வரிசைப் பற்கள் தெரியும். துணியைப் பின்னால் தள்ளுவது அவைதான். ஆனால் மேலிருந்து அழுத்தம் இல்லாவிட்டால் பற்களுக்குப் பிடி கிடைக்காது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது ஃபுட். ஊசி மேலே ஏறும்போது துணியும் கூடவே எழும்பாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற மெஷினிலேயே இது உண்டு. ஃபுட்டின் இந்த வேலை அன்றிலிருந்து மாறவில்லை.

டப்பாவில் ஏழெட்டு ஃபுட் இருக்கிறது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புரட்டிப் பாருங்கள். வகுப்பின் முதல் நாளில் நான் சொல்லித்தருவது இதுதான். மேலிருந்து பார்த்தால் எல்லா ஃபுட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடிப்பக்கத்தைப் பார்த்தால், என்ன வேலைக்குச் செய்தார்கள் என்பதை ஃபுட்டே சொல்லிவிடும்.

அடி மொழுமொழுவென்று தட்டையாக இருந்தால் அது சாதாரணத் தையலுக்கு. துணி முழுவதையும் சமமாக அழுத்தும். நடுவில் அகலமான, ஆழமில்லாத பள்ளம் இருந்தால் அது சாட்டின் ஃபுட். நெருக்கமாக ஜிக்ஜாக் (இடமும் வலமுமாக வளைந்து போகும் தையல்) போட்டால் நூல் கயிறுபோலத் தடித்து நிற்கும் அல்லவா, அந்தத் தடிப்பு நசுங்காமல், மாட்டிக்கொள்ளாமல் பின்னால் போக வழிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆழமான வாய்க்கால் இருந்தால் பைப்பிங் (ஓரத்தில் துணி சுற்றிய கயிறு வைப்பது) ஃபுட், கயிறு அதன் வழியாக ஓடும். குறுகிய வாய்க்கால் இரண்டு பக்கத்தில் பக்கம் இருந்தால் கன்சீல்டு ஜிப்புக்கு, அதாவது தைத்தபின் வெளியே தெரியாத ஜிப்புக்கு. ஐந்து, ஏழு, ஒன்பது என்று மெல்லிய கோடுகள் வரிசையாக இருந்தால் பின்டக் ஃபுட். இரட்டை ஊசியால் தைக்கும்போது எழும்பும் மெல்லிய மடிப்புகள் அந்தக் கோடுகளில் ஒவ்வொன்றாக உட்காரும்.

அப்புறம் ஊசி இறங்கும் ஓட்டையைப் பாருங்கள். சின்ன வட்டமாக இருந்தால் நேர்த்தையலுக்கு மட்டும். படுக்கைவாட்டில் அகலமாக இருந்தால் ஜிக்ஜாக் போடலாம். இந்த இரண்டையும், அதாவது அடியையும் ஓட்டையையும், பார்க்கப் பழகிவிட்டால் பெயர் தெரியாத ஃபுட் கையில் கிடைத்தாலும் அதன் வேலையை ஊகித்துவிடலாம்.

ஃபுட்டின் மேல் ஏ, ஜி, ஆர் என்று எழுத்து இருக்கிறதே, அதை நம்பலாமா?

உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தால் நம்பலாம். ஆனால் ஒரு கம்பெனியின் எழுத்து இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. பிரதர் மெஷினில் 'ஏ' காஜா (பட்டன் ஓட்டை) எடுக்கும் ஃபுட், ஜனோமியில் 'ஏ' சாதாரண ஜிக்ஜாக் ஃபுட். பிரதரில் 'ஜி' ஓரம் அடிக்க, ஜனோமியில் 'ஜி' வெளிப்பக்கம் தெரியாத மறைவுத் தையலுக்கு. பிரதரில் 'ஆர்' மறைவுத் தையல், ஜனோமியில் 'ஆர்' காஜா. இணையத்தில் ஒருவர் "ஜி ஃபுட் போடுங்கள்" என்று சொன்னால், அவர் எந்த மெஷினில் தைக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

கடையில் பார்க்கும் ஃபுட் என் மெஷினுக்குப் பொருந்துமா?

அதை முடிவு செய்வது ஷாங்க், அதாவது ஃபுட்டைத் திருகி மாட்டும் தண்டு. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் மூன்று வகை வரும்: லோ ஷாங்க், ஹை ஷாங்க், சாய்ந்த ஷாங்க். அளப்பது சுலபம். ஃபுட்டை இறக்குங்கள். ஊசித் தகட்டிலிருந்து, ஃபுட்டை இறுக்கும் திருகின் நடு வரைக்கும் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் என்றால் லோ ஷாங்க். ஏறக்குறைய ஒரு அங்குலம் என்றால் ஹை ஷாங்க். ஊசியும் தண்டும் உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் சாய்ந்த ஷாங்க். சிங்கர் 1952இல் கொண்டுவந்த 301 மாடலிலிருந்து இந்தச் சாய்ந்த வகை வருகிறது. அதற்கு அதற்கென்று செய்த ஃபுட்தான் போகும்.

இன்றைக்கு வீடுகளில் இருக்கும் பிரதர், சிங்கர், ஜனோமி மெஷின்களில் பெரும்பாலானவை லோ ஷாங்க். தொழிற்சாலை மெஷின்களும், வேகமாக நேர்த்தையல் மட்டும் போடும் சில பெரிய வீட்டு மெஷின்களும் ஹை ஷாங்க். பெர்னினா தனி வழி: அதன் ஃபுட்டில் திருகே இருக்காது, மேலே கூம்பில் செருகிப் பூட்டும் அமைப்பு.

புது மெஷின்களில் தண்டின் நுனியில் ஒரு சின்ன ஹோல்டர் இருக்கும். ஃபுட்டில் உள்ள குறுக்குக் கம்பிக்கு நேராக ஹோல்டரை இறக்கினால் 'கிளிக்' என்று பிடித்துக்கொள்ளும். இது ஸ்னாப்-ஆன். ஒரு கம்பெனியின் ஸ்னாப்-ஆன் ஃபுட் இன்னொரு கம்பெனி லோ ஷாங்க் மெஷினில் பல நேரம் பொருந்திவிடும். 9 மி.மீ. அகலத்துக்கு ஜிக்ஜாக் போடும் மெஷினாக இருந்தால் மட்டும் அந்தக் கம்பெனியின் ஃபுட்டையே வாங்குங்கள். அங்கே ஃபுட்டும் பற்களும் அகலம், 7 மி.மீ. ஃபுட் போட்டால் பற்களை முழுதாக மூடாது.

அம்மா வைத்திருந்த பழைய கறுப்பு மெஷினை ஊரிலிருந்து கொண்டுவந்தேன். அதற்கு இப்போது ஃபுட் கிடைக்குமா?

தாராளமாக. உஷா, சிங்கர் என்று நம் வீடுகளில் இருந்த கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். திருகி மாட்டும் ஜிப் ஃபுட், பைப்பிங் ஃபுட், மடிப்பு வைக்கும் ரஃப்ளர் எல்லாம் அதில் ஏறும். ஆனால் அவை நேர்த்தையல் மெஷின்கள். ஊசி இடவலமாக நகராது, தகட்டு ஓட்டையும் சின்ன வட்டம். அதனால் காஜா ஃபுட், ஓரம் அடிக்கும் ஃபுட் போன்ற ஜிக்ஜாக் வேலைக்கான எதையும் அதற்காக வாங்காதீர்கள்.

இந்த மெஷின்களை யாராவது தூக்கிப் போடப்போவதாகச் சொன்னால் எனக்கு மனது கேட்காது. பட்டுத்துணியில் இவை போடும் நேர்த்தையலுக்கு ஈடு கிடையாது. ஊசி ஒரே கோட்டில் இறங்குவதாலும், தகட்டின் ஓட்டை சின்னதாக இருப்பதாலும் மெல்லிய துணி உள்ளே இழுபடாது.

32 ஃபுட் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நானும் ஒருமுறை இணையத்தில் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். அதில் இருந்த கன்சீல்டு ஜிப் ஃபுட்டைப் போட்டு, நேராக மிதியை அழுத்திவிட்டேன். இரண்டாவது தையலிலேயே 'டக்' என்று சத்தம், ஊசியின் நுனி பறந்து கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மூக்குக் கண்ணாடி போடும் வழக்கம் இல்லாதிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எடுத்துப் பார்த்தால் ஃபுட்டின் ஓட்டை நடுவில் இல்லை, ஒரு நூலளவு இடப்பக்கம் தள்ளியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த ஃபுட்டை மாட்டினாலும், அது எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், மிதியைத் தொடுவதற்கு முன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஜிக்ஜாக் என்றால் இரண்டு சுற்று, ஊசி இடப்பக்கமும் வலப்பக்கமும் இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஊசி எங்கேயும் உரசாமல் இறங்கி ஏறினால்தான் தைக்கலாம்.

எதை வாங்குவது என்றால், மெஷினோடு சாதாரண ஃபுட், ஜிப் ஃபுட், காஜா ஃபுட் மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். நம் வீட்டுத் தையலுக்கு அதோடு ஒரு கன்சீல்டு ஜிப் ஃபுட், ஒரு பைப்பிங் ஃபுட், மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஒரு வாக்கிங் ஃபுட் இருந்தால் பல வருடம் ஓடும். மற்றவற்றைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைத்தால் ஒரு இடத்தில் பருமனாகவும் ஒரு இடத்தில் சப்பையாகவும் வருகிறது. ஏன்?

சாதாரண ஃபுட்டில் தைத்தால் அப்படித்தான் வரும். ஃபுட்டின் ஒரு பாதி கயிற்றின் மேல் ஏறி உட்காரும், இன்னொரு பாதி துணியில் இருக்கும். ஃபுட் சாய்ந்து சாய்ந்து போகும்போது தையலும் கயிற்றை நெருங்கி விலகிப் போகிறது. பைப்பிங் ஃபுட்டில் கயிறு வாய்க்காலுக்குள் ஓடுவதால் ஊசிக்கும் கயிற்றுக்கும் இடைவெளி மாறாது.

வாய்க்காலின் அளவும் கயிற்றின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பிளவுஸுக்கு 2 அல்லது 3 மி.மீ. கயிறு போதும். அதைப் பெரிய வாய்க்காலில் விட்டால் உள்ளே ஆடும், தையலும் ஆடும். கயிற்றைச் சுற்றும் துணியைக் கட்டாயம் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டுங்கள். நேராக வெட்டிய பட்டி கழுத்து வளைவில் சுருங்கி மடியும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் செய்வதில்லை. முதல்முறை கயிற்றைத் துணிக்குள் மூடித் தைக்கும்போது கயிற்றை ரொம்ப ஒட்டித் தைக்காதீர்கள், ஒரு நூலளவு விட்டுவிடுங்கள். கழுத்தில் சேர்த்துத் தைக்கும்போது ஊசியை ஒரு படி கயிற்றுப் பக்கம் நகர்த்துங்கள். அப்போது இரண்டாவது தையல் முதல் தையலுக்கு உள்ளே விழும், முதல் தையல் வெளியே தெரியாது. கழுத்து வளைவு வரும் இடத்தில் பைப்பிங்கின் ஓரத் துணியில் அங்கங்கே சின்னதாகக் கத்தரித்துவிட்டால் வளைவில் படிந்து உட்காரும்.

பைப்பிங் ஃபுட் இல்லையா? ஜிப் ஃபுட்டை வைத்தும் சமாளிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கால் இருப்பதால் கயிற்றை ஒட்டிப் போகும். ஆனால் கயிறு நகராமல் நீங்களே கையால் பிடித்துப் போக வேண்டும்.

கன்சீல்டு ஜிப் தைத்தால் ஜிப் வெளியே தெரிகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் இரண்டு தப்புகள். ஒன்று, ஜிப்பை அயர்ன் பண்ணாமல் தைப்பது. கடையிலிருந்து வரும்போது அதன் பற்கள் உள்பக்கம் சுருண்டிருக்கும். ஜிப்பைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து, குறைந்த சூட்டில், சுருள் நிமிர்ந்து நிற்கும்படி தேய்த்துவிடுங்கள். நைலான் பற்கள் என்பதால் சூடு அதிகமானால் உருகிவிடும். இரண்டு, சாதாரண ஜிப் ஃபுட்டில் தைப்பது. அது பற்களுக்கு ஓரமாகத்தான் போகும், அடியில் போகாது. கன்சீல்டு ஜிப் ஃபுட்டின் வாய்க்கால் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, ஊசி சுருளின் வேரிலேயே இறங்கும்.

சல்வார் கமீஸோ கவுனோ, பக்கத் தையலைப் போடுவதற்கு முன்பே ஜிப்பைத் தைத்துவிட வேண்டும். இழுப்பான் இருக்கும் இடம் வரைதான் இந்த ஃபுட் போகும். கீழே மீதி இருக்கும் மடிப்பை மூட, ஃபுட்டை மாற்றிச் சாதாரண ஜிப் ஃபுட் போட்டு, ஜிப்பின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தையுங்கள்.

பட்டு பிளவுஸும் லைனிங்கும் சேர்த்துத் தைத்தால் கடைசியில் மேல் துணி நீண்டு நிற்கிறது. நான் அளவாகத்தானே வெட்டினேன்?

நீங்கள் வெட்டியதில் தவறில்லை. பற்கள் கீழே மட்டும் இருப்பதால் கீழ்த்துணி ஒழுங்காக நகர்கிறது. மேல்துணியை ஃபுட் அழுத்தித் தேய்த்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க வைக்கிறது. ஒரு முழ நீளத்தில் அது கால் அங்குல வித்தியாசமாக ஆகிவிடும்.

வாக்கிங் ஃபுட் இதற்காகவே வந்தது. அதன் அடியிலும் பற்கள் உண்டு. பக்கத்தில் கவை போன்ற ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை ஊசியை இறுக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கி, மேல்துணியையும் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்தும். கையைத் திருகின் மேல் வைக்க மறந்துவிட்டு, "இந்த ஃபுட் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் பலர். மாட்டியதும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வேகமாக ஓட்டாதீர்கள். பின்தையலும் போட வேண்டாம், முன்னோக்கித் தைக்கத்தான் இது. சத்தம் கொஞ்சம் அதிகம். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் தைப்பவர்கள் மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும்.

கட்டம் போட்ட துணி, பார்டர் சேர வேண்டிய பாவாடை, பாத்தேக் துணியில் பூவோடு பூ பொருந்த வேண்டிய இடம், எல்லாவற்றுக்கும் இதையே போடுங்கள். ஒரே ஒரு ஃபுட்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சேலைக்கு ஃபால்ஸும் பீகோவும் வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஃபால்ஸ் பட்டியை முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் பட்டி சுருங்கி, சேலையின் கீழ் ஓரம் அலை அலையாக நிற்கும். கீழ் ஓரத்தை வாக்கிங் ஃபுட் போட்டு, கொஞ்சம் நீளமான தையலாக, பார்டரின் நிறத்திலேயே நூல் போட்டு மெஷினில் தைக்கலாம். மேல் ஓரத்தை மட்டும் கையால் ஹெம்மிங் போடுங்கள். மெஷினில் போட்டால் சேலையின் வெளிப்பக்கம் கோடு தெரியும். கொசுவத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பீகோவுக்கு மெஷினில் ஜிக்ஜாக் இருக்க வேண்டும். சேலையின் வெட்டிய முனைகளில், சுருள் மடிப்பு ஃபுட்டைப் போட்டு, நேர்த்தையலுக்குப் பதில் ஜிக்ஜாக் வைத்துத் தைத்தால் ஓரம் உருண்டு நூலால் சுற்றிக்கொள்ளும். அந்த ஃபுட்டில் ஊசி ஓட்டை அகலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷிஃபான், கிரேப் சேலைக்கு இது அழகாக வரும். கனமான பட்டு இந்த ஃபுட்டில் உருளாது, அதற்குச் சாதாரண ஜிக்ஜாக்கே போதும்.

அந்தச் சுருள் மடிப்பு ஃபுட்டில் துணியை எப்படி நுழைப்பது? எனக்கு ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை.

ஃபுட்டின் முன்னால் ஒரு சின்ன நத்தைச் சுருள் இருக்கும். துணி ஓரம் அதற்குள் நுழைந்து இரண்டு மடிப்பாக மடிந்து வெளியே வரும். ஆரம்பம்தான் கஷ்டம்.

முதலில் துணியின் மூலையைக் குறுக்காகக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள், பருமன் குறையும். ஓரத்தை விரலால் இரண்டு முறை மெல்லிதாக மடித்து ஒரு அங்குல நீளத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை ஃபுட்டுக்கு அடியில் வைத்து நாலைந்து தையல் போடுங்கள். ஊசியைத் துணிக்குள் இறக்கிய நிலையிலேயே விட்டு, ஃபுட்டைத் தூக்குங்கள். இப்போது முன்னால் இருக்கும் ஓரத்தை நத்தைச் சுருளுக்குள் வலமிருந்து இடமாகச் செலுத்துங்கள். ஃபுட்டை இறக்குங்கள். பின்னால் தொங்கும் நூல் இரண்டையும் இடது கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பியுங்கள்.

அப்புறம் எல்லாம் வலது கையில்தான் இருக்கிறது. துணி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, சற்றே இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். சுருளுக்குள் துணி அதிகமாகப் போனால் மடிப்பு பிதுங்கும், கையைக் கொஞ்சம் வலப்பக்கம் கொண்டுபோங்கள். குறைவாகப் போனால் பிசிறு வெளியே தெரியும், கையை இடப்பக்கம் கொண்டுபோங்கள். ஒரு துப்பட்டாவின் இரண்டு ஓரத்தையும் அடித்து முடிப்பதற்குள் கைக்கு அது பிடிபட்டுவிடும். முதலில் பழைய பருத்தித் துணியில் பழகுங்கள். ஷிஃபானில் ஆரம்பித்தால் மனது விட்டுப்போகும்.

பாவாடைக்கும் குழந்தை ஃபிராக்குக்கும் சுருக்கம் வைக்க எந்த ஃபுட்?

மெல்லிய துணிக்குச் சுருக்க ஃபுட். தையல் நீளத்தை 4க்கு வைத்து, மேல் நூலைக் கொஞ்சம் இறுக்கினால் தைக்கும்போதே துணி சுருங்கிக்கொண்டு போகும். அதன் நடுவில் உள்ள பிளவுக்குள் இடுப்புப் பட்டியை விட்டால், கீழ்த்துணி மட்டும் சுருங்கிப் பட்டியோடு சேர்ந்தே தைபடும். எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி மாறும். அதே துணியில் 30 செ.மீ. பட்டி வெட்டி, தைத்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 30 செ.மீ. 20 ஆனால், 60 செ.மீ. இடுப்புக்கு 90 செ.மீ. துணி வேண்டும்.

மடிப்பு மடிப்பாக வேண்டும் என்றால் ரஃப்ளர். பார்க்கப் பெரிய இயந்திரம் போல இருக்கும், பயப்படாதீர்கள். முன்னால் 1, 6, 12 என்று எண்கள் இருக்கும். எத்தனை தையலுக்கு ஒரு மடிப்பு என்பதுதான் அது. பட்டுப்பாவாடைக்கு நான் இதைப் போடுவதில்லை. ஜரிகை பார்டரோடு வரும் கனமான துணிக்குக் கையால் மடித்து ஊசி குத்தி வைப்பதே நன்றாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் எங்கே விழ வேண்டும் என்று நாம் பார்த்து வைக்கலாம்.

காஜா ஒவ்வொன்றும் ஒரு அளவில் வருகிறது.

தானியங்கிக் காஜா ஃபுட் என்றால், அதன் பின்பக்கச் சட்டத்தில் பட்டனை வைத்து இறுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் மெஷின் காஜாவின் நீளத்தை முடிவு செய்யும். அடுத்தது, ஊசிக்குப் பின்னால் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. ஒவ்வொரு காஜாவுக்கும் அதை முழுதாகக் கீழே இழுத்துவிட வேண்டும். இதை மறந்தால் மெஷின் ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் அடிக்கும். துணிக்கு அடியில் கேன்வாஸ் ஒட்டாமல் காஜா எடுக்காதீர்கள். வெட்டும்போது முனையில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிட்டால் தையல் பிரிப்பான் முனைத் தையலைத் தாண்டிப் போகாது.

வீட்டில் ஓவர்லாக் மெஷின் இல்லை. ஓரம் பிசிறாமல் இருக்க வழி?

ஓரம் அடிக்கும் ஃபுட். அதன் நடுவில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், நூல் அதைச் சுற்றிப் போவதால் துணி ஓரம் சுருளாது. ஜிக்ஜாக்கை 5 மி.மீ. அகலத்துக்கு வையுங்கள், குறைத்தால் ஊசி கம்பியில் மோதும். ஓவர்லாக் போல வெட்டிக்கொண்டே தைக்காது, அதனால் ஓரத்தை முதலில் சீராக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் கால் மடிக்கும்போது தடித்த மடிப்பில் மெஷின் நின்றுவிடுகிறது.

மெஷினில் குறை இல்லை. தடிப்பின் மேல் ஏறும்போது ஃபுட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, பின்பக்கம் பிடி போய்விடுகிறது. பல ஜிக்ஜாக் ஃபுட்டுகளில் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மடிப்பு ஆரம்பிக்கும் இடத்தில் ஊசியை இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, மூக்கை மட்டமாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தியபடியே ஃபுட்டை இறக்குங்கள். ஃபுட் மட்டமாகவே நிற்கும், மெஷின் நகரும். கொஞ்சத் தூரம் போனதும் பொத்தான் தானாக விட்டுவிடும். பொத்தான் இல்லாத ஃபுட் என்றால், ஒரு அட்டைத் துண்டை மடித்து ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் வைத்தால் அதே பலன் கிடைக்கும். ஊசியை 100ஆம் எண் ஊசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பள்ளிக் காற்சட்டையில் முட்டியில் கிழிசல். மெஷினில் ஒட்டுப் போட முடியுமா?

எம்பிராய்டரிக்குப் போடும் டார்னிங் ஃபுட் இதற்கும் ஆகும். பற்களை இறக்கிவிட வேண்டும், இறக்க முடியாத மெஷினுக்கு மூடும் தகடு கொடுத்திருப்பார்கள். இப்போது துணியை மெஷின் தள்ளாது, நீங்கள்தான் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அடியில் அதே நிறத் துண்டு ஒன்றை வைத்து, கிழிசலின் மேல் முதலில் நெட்டாகவும் பிறகு குறுக்காகவும் நூலால் நெய்வதுபோல நிரப்புங்கள். கை மெதுவாகவும் மெஷின் கொஞ்சம் வேகமாகவும் போனால் தையல் சிறிதாக விழும்.

ரெக்சின், பிளாஸ்டிக் துணி ஃபுட்டில் ஒட்டிக்கொள்கிறது.

டெஃப்லான் ஃபுட் போடுங்கள். ஒரே ஒரு பைக்காக வாங்க மனமில்லை என்றால், இருக்கும் ஃபுட்டின் அடியில் மங்கலான ஒட்டு டேப்பை ஒட்டி, ஊசி ஓட்டையை வெட்டிவிட்டுத் தைக்கலாம்.

எந்த ஃபுட் போட்டாலும் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது.

ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு மறுபடி மேல் நூலைக் கோர்த்துப் பாருங்கள். நூலை இறுக்கும் தட்டுகள் ஃபுட் மேலே இருக்கும்போதுதான் திறந்திருக்கும். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு இடையில் போகாது, இறுக்கமே இல்லாமல் கீழே கொட்டும். ஃபுட்டை இறக்க மறந்து தைத்தாலும் இதே கொத்துதான். பாபினைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஃபுட் எங்கே வாங்கலாம்?

பீப்பிள்ஸ் பார்க் வட்டாரத்தில் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். அரபு ஸ்திரீட்டுக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பக்கமும் விசாரித்துப் பாருங்கள். கைவினைப் பொருள்கள் விற்கும் பெரிய கடைகளிலும் கம்பெனி ஃபுட்டுகள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தேக்கா நிலையத்தின் மாடியில் தைத்துக்கொடுப்பவர்களிடம் வாங்க முடியாவிட்டாலும், அவர்கள் எந்த ஃபுட்டை எப்படிப் பிடித்துத் தைக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் நிறைய தெரிந்துகொள்ளலாம். ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயும் வாங்கி வரலாம், லோ ஷாங்க் எங்கே வாங்கினாலும் லோ ஷாங்க்தான். கடைக்குப் போகும்போது உங்கள் மெஷினின் பழைய ஃபுட் ஒன்றைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

ஃபுட்டுகள் துருப்பிடிக்கின்றன. எப்படி வைப்பது?

இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். ஜன்னல் ஓரம் திறந்த டப்பாவில் வைத்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். தைத்து முடித்ததும் பஞ்சும் நூல் பிசிறும் போகத் துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் விட்டு மேலாகத் தடவி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். மறுபடி பட்டில் தைக்கும் முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், முதல் நாலு தையலை வேஸ்ட் துணியில் போடுங்கள்.

அடிப்பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டுப் பஞ்சை ஃபுட்டின் அடியில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கேதான் பட்டும் மாட்டும். மிக நைசான உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பஞ்சு வழுக்கிப் போகும் வரை பார்த்துக்கொள்ளுங்கள்.